எனக்குப் போட்ட கதிரை

1

காலையில் நான் குசினியில் எழுந்து நிற்பதைப் பார்த்ததும் என் மனைவி கேட்கும் கேள்வி ஒரு வருடமாக மாறவில்லை.

“ஆர் வருகினம் எண்டு இப்பிடி எழும்பி நிக்கிறியள்?”

யாரும் வருவதில்லை. சீனிப் போத்தலில் சாய்த்து வைத்த கைத்தொலைபேசியில் கிளிநொச்சியிலிருந்து ஐந்து முகங்கள் தெரிகின்றன, அவ்வளவுதான். அங்கே வெயில் ஏறிவிட்டது. ஏ-ஒன்பது வீதியில் பஸ்கள் ஹோர்ன் அடிப்பது கேட்கிறது. இங்கே நோர்வேயின் பேர்கன் நகரத்தில் தெருவிளக்குகள் இன்னும் அணையவில்லை. மழை வழமைபோல் பெய்கிறது. அவர்கள் அங்கே நிற்கிறார்கள், நான் இங்கே நிற்கிறேன். ஆளுக்கு மூன்று விஷயம் சொல்ல வேண்டும்: நேற்று என்ன செய்தேன், இன்று என்ன செய்யப்போகிறேன், என்னைத் தடுப்பது எது. கால் உளையத் தொடங்குவதற்குள் கூட்டம் முடிந்துவிட வேண்டும் என்பதற்காகத்தான் நிற்பது. மென்பொருள் செய்கிறவர்களிடம் உலகம் முழுவதும் உள்ள வழக்கம் இது.

இந்தக் கிழமையோடு நான் இப்படி நிற்கத் தொடங்கி ஒரு வருடம். அதற்கு முன்பு நெடுங்காலம் கதிரையில் இருந்துகொண்டே மற்றவர்களின் வேலையைக் கெடுத்தவன் நான். ஊரில் உள்ளவர்கள் என்னை ‘வெளிநாட்டிலை பெரிய மனேஜராய் இருந்தவர்’ என்று அறிமுகப்படுத்துகிறார்கள். அது உண்மைதான். அந்தப் பெரிய மனேஜர் என்ன செய்தார் என்பதை அவரே சொல்வதுதான் முறை.

2

என் முழுப்பெயர் சிவபாலன். பேர்கனில் ஒரு காப்புறுதிக் கொம்பனியின் மென்பொருள் பிரிவில் முகாமையாளராக இருந்தேன். நோர்வேயில் மேலதிகாரியையும் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவார்கள். நேற்று வேலைக்கு வந்த பொடியனும் கதவைத் தட்டாமல் தலையை நீட்டி “சிவா” என்பான். அவனுக்கு அது அன்பு. எனக்கோ ஒவ்வொரு முறையும் உள்ளே எங்கோ ஒரு முள் குத்தும். என் அப்பாவை எங்கள் ஊர் உருத்திரபுரத்தில் வயல் செய்யும் கமக்காரர் எல்லாரும் ‘ஐயா’ என்பார்கள். நான் அவரைவிடப் படித்தவன்; எனக்கு மட்டும் ‘சிவா’வா என்று மனம் கணக்குப் பார்க்கும். இதை அந்த நாட்டில் யாரிடமும் சொல்ல முடியாது, சொன்னாலும் விளங்காது.

அந்தக் காலத்தில்தான் ‘அஜைல்’ வந்தது. பெயரைக் கண்டு மிரள வேண்டாம். ஒரு பெரிய வேலையைச் சிறு துண்டுகளாக்கி, இரண்டு கிழமைக்கு ஒரு துண்டைச் செய்து முடிப்பது. அதைப் பாவிக்கப் போகிறவரிடமே காட்டுவது. அவர் சொல்வதைக் கேட்டு அடுத்த துண்டைத் தீர்மானிப்பது. எதை எப்படிச் செய்வது என்று குழுவே கூடி முடிவெடுக்கும். மேலிருந்து ஒருவர் வருடம் முழுவதற்கும் திட்டம் போட்டுக் கொடுக்கத் தேவையில்லை.

அந்த மேலிருந்த ஒருவர் நான்.

முகாமையாளர்கள் இந்த முறையை ஏன் எதிர்க்கிறார்கள் என்று பலர் பலவிதமாக எழுதுகிறார்கள். என்னைப் பொறுத்தவரை காரணம் மிகச் சின்னது. அவர்களே முடிவெடுத்தால் நான் எதற்கு? இந்தக் கேள்விதான் என்னை நித்திரை கொள்ள விடவில்லை. நாங்கள் வெளிப்படையாக எதிர்ப்பதுமில்லை. “அருமையான முறை, ஆனால் எங்கட கொம்பனி கொஞ்சம் வித்தியாசமானது” என்போம். குழுவில் இருந்த பிள்ளைகள் வேலைகளை எழுதிச் சுவரில் கலர் கலராகக் காகிதத் துண்டுகள் ஒட்டினார்கள், நான் “நூற்றுக்கு எத்தனை வீதம் முடிந்தது?” என்று கேட்டேன். அவர்கள் நின்றபடி ஒருவரோடு ஒருவர் கதைத்தார்கள். நான் கையைக் கட்டிக்கொண்டு நடுவில் போய் நின்றேன். கொஞ்ச நாளில் எல்லாரும் என் முகத்தைப் பார்த்துக் கதைக்கத் தொடங்கினார்கள். எனக்கு அது வெற்றியாகத் தெரிந்தது. கடைசியில் கொம்பனி அந்த முறைதான் என்று முடிவெடுத்தபோது, நான் வேளைக்கே ஓய்வு எடுத்துக்கொண்டேன். பிரியாவிடையில் கேக் வெட்டினார்கள். ‘சிவா’ என்று கூப்பிடும் அந்தப் பொடியன் எனக்கு ஒரு கட்டுக் கலர்த் துண்டுகளைப் பரிசாகத் தந்தான். குத்தலா அன்பா என்று இன்றுவரை தெரியாது.

இதில் வேடிக்கை என்னவென்றால், என் மகள் ஆரணி பார்ப்பதும் இதே தொழில்தான். அவள் வேறொரு நகரத்தில் இருக்கிறாள். கொம்பனி கொம்பனியாகப் போய் இந்த முறையைச் சொல்லிக்கொடுக்கிறாள். என்னைப் போன்ற முகாமையாளர்கள் இல்லாவிட்டால் அவளுக்குச் சம்பளம் இல்லை. ஆனால் வீட்டில் இதைப்பற்றி நாங்கள் கதைத்ததில்லை. தொலைபேசியில் எங்கள் உரையாடல் வரவரச் சுருங்கி, “மழையோ?” “மழைதான்” என்ற அளவுக்கு வந்திருந்தது.

3

ஓய்வுக்குப் பிறகு கிளிநொச்சியில் ஒரு மென்பொருள் அலுவலகம் தொடங்கினேன். ஊர்ப் பிள்ளைகளுக்கு வேலை கொடுக்க வேண்டும் என்ற எண்ணம் உண்மை. ஆனால் முழு உண்மை அது இல்லை.

பதிவுக்காக ஏறி இறங்கிய ஒரு காரியாலயத்தில் எனக்கு மிச்ச உண்மை பிடிபட்டது. நோர்வேயில் எந்தக் கந்தோருக்குப் போனாலும் இலக்கத் துண்டை எடுத்துக்கொண்டு வரிசையில் நிற்க வேண்டும். முறை வந்தால் வேலை முடியும். கிளிநொச்சியிலோ உள்ளே நுழைந்ததும் ஒருவர் எழுந்து, “ஐயா, வெளிநாட்டிலையிருந்தோ? இருங்கோ, இருங்கோ” என்று கதிரையைத் துடைத்துப் போட்டார். தேத்தண்ணியும் வந்தது. மத்தியானம்வரை கடுதாசி மட்டும் நகரவில்லை. அடுத்த மேசைக்கு அனுப்பினார்கள், அங்கேயும் கதிரை. கதிரை தருகிற இடத்தில் காரியம் நகராது என்று அன்றே விளங்கியிருக்க வேண்டும். எனக்கு விளங்கவில்லை. அந்த ‘ஐயா’ அவ்வளவு இனித்தது.

ஹாட்வெயார் கடை ஒன்றின் மேல்மாடியில் அலுவலகம். ஐந்து பேர். அவர்களில் மற்ற நாலு பேரையும் நடத்துகிறவர் மேகலா. ஓமந்தைப் பக்கத்துப் பெண். தாய் தகப்பன் மலையகத்திலிருந்து வந்து அங்கே காணி திருத்திக் குடியேறியவர்கள். கொழும்பில் நல்ல வேலையில் இருந்தவர், ஊருக்குப் பக்கத்தில் இருக்கலாம் என்று எங்களிடம் வந்தார்.

நான் முதல்தடவை காலைக் கூட்டத்துக்குப் போனபோது ஐந்து பேரும் வட்டமாக நின்றார்கள். என்னைக் கண்டதும் கஜன் என்ற பொடியன் ஓடிப்போய் ஒரு கதிரை கொண்டுவந்து போட்டான். கைபிடி வைத்த கதிரை. நான் இருந்தேன். இருந்துவிட்டு, ஐந்து பேரும் நிற்பதைப் பார்க்க ஒரு மாதிரி இருக்க, “ஏன் பிள்ளையள் நிக்கிறியள்? இருங்கோவன்” என்றேன்.

அவர்கள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். பிறகு ஐந்து கதிரைகள் வந்தன. தேத்தண்ணி வந்தது. மீன் வைத்த மாலுபணிஸ் வந்தது. கால் உளையும் முன் முடியவேண்டிய கூட்டம் மத்தியானச் சாப்பாடுவரை போனது. பெரும்பாலும் நான்தான் கதைத்தேன். நோர்வேக் குளிரைப் பற்றியும் சொன்னதாக ஞாபகம்.

எனக்கு இந்த முறை தெரியாததில்லை. ஏன் நிற்கிறார்கள் என்று தெரிந்துகொண்டுதான் இருக்கச் சொன்னேன்.

அதன்பிறகு நான் ஊருக்குப் போகும் காலமெல்லாம் அப்படித்தான். ஒவ்வொருவரிடமும் “உமக்கு என்ன தடை?” என்று கேட்பேன். “கரண்ட் பிரச்சினை ஐயா” என்பார்கள். அடுத்த நாளும் கரண்ட். அதற்கடுத்த நாளும் கரண்ட். மனம் இரங்கி ஒரு ஜெனரேட்டர் வாங்கிக் கொடுத்தேன். படிக்கட்டின் கீழ் இன்னும் நிற்கிறது. அதை ஒருவரும் இழுத்து ஸ்டார்ட் பண்ணியதை நான் காணவில்லை.

4

உருத்திரபுரத்தில் ஒரு கமக்கார அமைப்புக்குச் செயலி செய்துகொடுக்க ஒப்புக்கொண்டோம். வாய்க்காலில் யாருக்கு எப்போது முறைத் தண்ணீர் என்று ஒவ்வொருவருடைய தொலைபேசிக்கும் அறிவிக்க வேண்டும். அது என் அப்பா தண்ணீர் கட்டிய வாய்க்கால். எனக்குத் தெரியாத முறையா? பேர்கனில் இருந்து நினைவிலிருந்தே எல்லாவற்றையும் எழுதினேன். தலைப்பக்கத்து வயல் முதல், வாய்க்கால் முடிகிற கடைவால் வயல் கடைசி. ஒருதரம் பதிந்த முறையை மாற்றுவதென்றால் இரண்டு நிர்வாகிகள் சம்மதிக்க வேண்டும். எழுதி முடித்தபோது தலையணை அளவுக்கு ஒரு கடுதாசிக் கட்டு. இதில் உள்ளபடி முழுவதையும் செய்து, முழுவதும் முடிந்த பிறகுதான் கமக்காரருக்குக் காட்ட வேண்டும் என்று கட்டளை.

மேகலா முதல் துண்டு முடிந்ததுமே தொலைபேசி எடுத்துக் கேட்டார். “ஐயா, ஒரு பக்கம் வேலை செய்யுது. வாற கூட்டத்திலை கொண்டுபோய்க் காட்டட்டோ?”

“அரைகுறையைக் காட்டி மானத்தை வாங்கப் போறீரோ, பிள்ளை?”

“அரைகுறையாய் இருக்கேக்கைதானே ஐயா மாத்தலாம்.”

“வேண்டாம். நானே வந்து முழுத் திட்டத்தையும் விளங்கப்படுத்துறன்.”

அவர் கோபம் ஒன்றும் இல்லாமல் சொன்னார்: “ஐயா, கொழும்பிலை பழைய கொம்பனி திருப்பிக் கூப்பிடுது. மாசமுடிவிலை நான் போகலாமெண்டு இருக்கிறன். இந்தக் கூட்டம் முடியட்டும்.”

மேகலா போனால் மற்ற நாலு பேரும் ஒருவர் பின் ஒருவராகப் போவார்கள் என்பது எனக்குத் தெரியும். ஹாட்வெயார் கடைக்கு மேலே நானும் ஜெனரேட்டரும் மிஞ்சுவோம். ஆனாலும் அப்போது என் மனதில் ஓடியது, சம்பளம் போதவில்லையோ என்பதுதான். “கூட்டித் தரலாம்” என்றேன். அவர் சிரித்த சிரிப்புக்கு அர்த்தம் எனக்குப் பிறகுதான் விளங்கியது.

5

கூட்டம் பொதுநோக்கு மண்டபத்தில் நடந்தது. எனக்கு முன்வரிசையில், மேசைக்குப் பின்னால், துணி விரித்த கதிரை. நான் என் கடுதாசிக் கட்டை விரித்துவைத்துக் கதைத்தேன். நன்றாகவே கதைத்தேன். அப்பாவின் பெயரைச் சொன்னபோது வயதானவர்கள் தலையாட்டினார்கள். கேள்வி இருக்கிறதா என்று கேட்டேன்.

“மெத்த நல்லது ஐயா” என்றார் கமக்கார அமைப்பின் செயலாளர். எல்லாரும் கைதட்டினார்கள். ஒரு கேள்வியும் இல்லை. எவ்வளவு தெளிவாகச் சொல்லியிருக்கிறேன் என்று எனக்கு உள்ளுக்குள் பெருமை.

சோடா கொடுக்கும் நேரம் மண்டபத்தின் பின்பக்கத்தில் சத்தம் கேட்டது. பார்த்தால், மேகலா நான் வேண்டாமென்ற அந்த அரைகுறையைத் தன் தொலைபேசியில் காட்டிக்கொண்டிருக்கிறார். சுற்றிவர ஆண்களும் பெண்களுமாக ஒரு கூட்டம், ஒருவர் தோளுக்கு மேலால் ஒருவர் எட்டிப் பார்த்தபடி.

“இந்தா, எனக்குப் பிறகு இவன்ரை பேர் நிக்குது. போன கிழமை என்ரை முறையை இவனுக்கு விட்டுக்குடுத்தனான். அது போனுக்குத் தெரியாதோ?”

“போனுக்குத் தெரியும். நீதான் குடுத்ததைப் பிறகு இல்லையெண்டுவாய்!”

“சும்மா இரு. உன்ரை தண்ணி இறைக்கிற மெசின் வரேல்லையெண்டுதானே குடுத்தனான்.”

ஒரு அம்மா இடையில் புகுந்தார். “பிள்ளை, இது சரிவராது. முறை எண்டு ஒண்டு எழுதி வைக்கிறதே பிறகு மாத்துறதுக்குத்தான். ஒரு வீட்டிலை கலியாணம், ஒரு வீட்டிலை காய்ச்சல். மாத்த ஏலாட்டி இந்தப் போனை நாங்கள் வாய்க்காலுக்கைதான் போடவேணும்.”

எல்லாரும் சிரித்தார்கள். மேகலாவும் சிரித்துக்கொண்டே, “மாத்துறதுக்கு எங்கை அமத்தினால் உங்களுக்கு லேசு, அம்மா? காட்டுங்கோ” என்று தொலைபேசியை அவர் கையிலேயே கொடுத்தார்.

எனக்கும் அந்தச் சண்டையில் சேர ஆசை வந்தது. உண்மையாகவே வந்தது. எழுந்து பின்னால் போனேன். என்னைக் கண்டதும் பேச்சு நின்றது. வழி விட்டார்கள். அந்த அம்மா தொலைபேசியை மேகலாவிடம் திருப்பிக் கொடுத்தார். சற்றுமுன் சத்தம் போட்டவர், “நல்லா செய்திருக்கிறியள் ஐயா” என்றார். எனக்குப் பின்னால் ஏதோ உராயும் சத்தம் கேட்டுத் திரும்பினேன். ஒருவர் அந்தத் துணி விரித்த கதிரையைத் தூக்கிக்கொண்டு என் பின்னாலேயே வந்திருந்தார்.

“இருங்கோ ஐயா, ஏன் நிக்கிறியள்?”

நான் யன்னல் பக்கம் நகர்ந்தேன். கதிரையும் வந்தது. வாசல் பக்கம் போனேன். அங்கேயும் வந்தது. போன இடமெல்லாம் கதிரை வந்தது, கதை நின்றது.

திரும்பும் வழியில் ஆட்டோவில் மேகலா ஒன்றே ஒன்று கேட்டார். “அவையள் உங்களிட்டை நல்லதெண்டு சொன்னவை. என்னட்டைச் சரிவராதெண்டு சொன்னவை. எங்களுக்கு எது ஐயா பிரயோசனம்?”

நான் வெளியே வயலைப் பார்த்தபடி வந்தேன்.

6

அன்று சாயந்தரம் ஆரணிக்குத் தொலைபேசி எடுத்தேன். மழையைப் பற்றிக் கேட்காமல், நேரே கதிரைக் கதையைச் சொன்னேன். ஆட்டோவில் கேட்ட கேள்விவரைக்கும் சொன்னேன். மறுபக்கத்தில் சிரிப்பு. அவள் அப்படிச் சிரித்து நான் கேட்டு எத்தனையோ காலம்.

“அப்பா, கொம்பனியள் எனக்குக் காசு தந்து கேக்கிற கதை இது. உங்களுக்குச் சும்மா சொல்லுறன். நீங்கள் வந்தவுடனே உண்மை எழும்பி வெளியிலை போகுது.” அவளுடைய தமிழ் அப்படித்தான், நோர்வே மொழியில் யோசித்துத் தமிழில் இறக்குவாள்.

“நான் ஒருத்தரையும் ஏசேல்லையே, பிள்ளை.”

“ஏசத் தேவையில்லை. அப்பா, எங்கட வீட்டுச் சாப்பாட்டு மேசையிலை உங்கட கதிரை இருந்தது, ஞாபகமோ? நீங்கள் அதிலை இருந்துகொண்டு, பள்ளிக்கூடம் எப்பிடி எண்டு கேப்பீங்கள். நான் எல்லாம் நல்லம் எண்டு சொல்லுவன்.”

“ஓம். நீ கெட்டிக்காரிதானே.”

“அப்பா, எனக்கு அங்கை ஒரு வருசம் முழுக்க ஒரு சிநேகிதமும் இருக்கேல்லை. அதை நான் அம்மாவுக்கு, குசினியிலை நிண்டுகொண்டு சொல்லுவன்.”

மேசைக்கும் குசினிக்கும் இடையில் ஒரு சுவர்தான். இவ்வளவு காலத்தில் நான் ஒருதரம் எழுந்து போயிருக்கலாம்.

“ஏன் என்னட்டைச் சொல்லேல்லை?” என்று கேட்கத் தொடங்கி, பாதியில் நிறுத்திக்கொண்டேன். பதில் எனக்கே தெரிந்த கேள்வி.

மறுநாள் காலை மற்றவர்கள் வருவதற்கு முன் அலுவலகம் போனேன். கைபிடிக் கதிரையை நானே தூக்கிப் படியிறக்கினேன். ஹாட்வெயார் முதலாளி பதறிப்போனார்.

“ஐயா, என்னிட்டைச் சொல்லியிருக்கலாமே! உடைஞ்சு போச்சோ?”

“இல்லைத் தம்பி. நீங்கள் வைச்சுப் பாவியுங்கோ.”

“அப்ப உங்களுக்கு?”

“எனக்குக் கால் இருக்கு.”

காலைக் கூட்டத்தில் நான் வட்டத்தில் ஆறாவது ஆளாக நின்றேன். கஜன் சுற்றிச் சுற்றிக் கதிரையைத் தேடினான். என் முறை கடைசியாக வந்தது. நேற்று நான் மண்டபத்தில் கதைத்துக் கமக்காரரின் நேரத்தை வீணாக்கினேன் என்றேன். இன்று அந்தக் கடுதாசிக் கட்டை அலுமாரியில் வைத்துப் பூட்டப்போகிறேன் என்றேன். எது என்னைத் தடுக்கிறது என்று சொல்ல வாய் வரவில்லை. கடைசியில், “இவ்வளவு நாளும் உங்களைத் தடுத்தது என்ன, பிள்ளையள்? கரண்டை விட்டிட்டுச் சொல்லுங்கோ” என்றேன்.

கஜன் நிலத்தைப் பார்த்துக்கொண்டு, “ஐயா, கரண்ட் ஒருநாளும் பிரச்சினையாய் இருக்கேல்லை” என்றான். யாரோ அடக்கமுடியாமல் சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டேன். ஜெனரேட்டரை நினைத்தால் சிரிக்காமல் என்ன செய்வது?

மேகலா மட்டும் உடனே சிரிக்கவில்லை. “ஐயா, வீதக் கணக்குக் கேக்கமாட்டியளோ?”

“மாட்டன்.”

“நாங்கள் பிழைவிட்டால்?”

“பிழைவிட்டு அதைக் கமக்காரருக்குக் காட்டுங்கோ. என்னைவிட அவையள் நல்லா ஏசுவினம்.”

அப்போதுதான் அவர் முகம் இளகியது. கொழும்புப் பயணம் என்னாயிற்று என்று கேட்டேன். “ரெண்டு கிழமை பாப்பம்” என்றார்.

7

அந்த இரண்டு கிழமை முடிந்தபோது, “இன்னும் ரெண்டு கிழமை பாப்பம்” என்றார். அதற்குப் பிறகும் அதே பதில்தான். ஒரு வருடமாக மேகலா எங்களோடு தங்குவதாக ஒருநாளும் சொன்னதில்லை. இரண்டு இரண்டு கிழமையாகத்தான் தங்கிக்கொண்டிருக்கிறார். வருடத் திட்டம் இல்லாமல் நித்திரை கொள்ளாத எனக்கு இது நல்ல மருந்து. செயலியிலும் இப்போது முறையை மாற்றுவதற்குத்தான் மிகப் பெரிய பொத்தான். அதை எங்கே வைப்பது என்று காட்டிய அம்மா, அது தன்னுடைய பொத்தான் என்று ஊரெல்லாம் சொல்லித் திரிகிறாராம்.

நான் திருந்திவிட்டேன் என்று நினைக்க வேண்டாம். வீதக் கணக்குக் கேட்க நாக்கு இன்னும் துடிக்கும். அதற்காகத்தான் கூட்டத்தில் தேத்தண்ணிக் கோப்பையை வாயோடு வைத்திருக்கிறேன். எங்கள் செயலியைப் பற்றி இரண்டு நாளுக்கு முன் கண்டாவளைப் பக்கத்துக் கமக்கார அமைப்பு ஒன்றும் கேட்டிருந்தது. அதற்கு நான் சம்மதம் எழுதி அனுப்ப வேண்டும். அனுப்பவில்லை. யோசிக்கிறேன் என்று பெயர். உண்மையில் முடிவு ஒன்று என் கையில் இருக்கிற சுகம்.

இன்று காலை மேகலாவின் முறை வந்தது. நேற்றுச் செய்ததைச் சொன்னார். இன்று செய்யப்போவதைச் சொன்னார். பிறகு நேரே என்னைப் பார்த்தார்.

“தடை, சிவபாலன் ஐயா.”

கிளிநொச்சியில் ஐந்து பேரும் சிரிக்கிற சத்தத்தில் சீனிப் போத்தல் சரிந்து தொலைபேசி மேசையில் விழுந்தது. நிமிர்த்தி வைத்துவிட்டு, “இப்பவே அனுப்புறன், பிள்ளை” என்றேன். அப்படியே அனுப்பினேன். அந்த ‘ஐயா’வைப்போல ஒரு ‘ஐயா’வை நான் வாழ்நாளில் கேட்டதில்லை. என்னையே தடை என்று நேரே சொல்லி, அதே மூச்சில் ஐயா என்றது அதுதான் முதல்தடவை.

“என்னவாம்?” என்று மனைவி கேட்டார்.

“என்னாலைதான் வேலை நிண்டுபோச்சாம்.”

“அதுக்கேன் இப்பிடிச் சிரிக்கிறியள்? சரி, முடிஞ்சுதெல்லோ, இனி இருங்கோவன்.”

“கொஞ்சம் பொறுமப்பா. இந்த நேரம் ஆரணி எனக்குப் போன் எடுப்பாள்” என்று சொல்லிவிட்டுக் குசினியிலேயே நின்றேன்.